மிச்சத்துக்கு அடுத்த புத்தகம்

அருமைநாயகத்தாரின் புதுப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டால் போதும், செட்டிபாளையத்தில் பாதிப் பேருக்குத் தும்மலும் தடிமனும் பிடித்துவிடும். மீதிப் பேருக்குக் களுவாஞ்சிக்குடியில் அவசர வேலை முளைத்துவிடும். ஆனாலும் வெளியீட்டு விழாவன்று பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. அதற்குக் காரணம் ஊரின் தமிழ்ப்பற்று என்று நாயகத்தார் மனதார நம்பினார். தான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் என்பதும், யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் சங்கக்கடைக்குத்தான் வரும் என்பதும் அந்தக் கணக்கில் அவருக்கு ஒருநாளும் சேர்ந்ததில்லை. அவர் யாருக்கும் ஒரு போத்தல் கூடுதலாகக் கொடுத்தவருமல்ல, விழாவுக்கு வராதவருக்குக் குறைத்தவருமல்ல. இருந்தாலும் ஊர் எதற்கும் முன்யோசனையாக இருந்துகொண்டது.

இந்த வியாதி அவருக்கு எழுபத்தெட்டாம் ஆண்டு தொற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் துணுக்குப் பகுதியில், எங்கோ ஓர் அந்நிய நாட்டில் ஒருவர் ஆயிரத்துக்கு மேல் நாவல் எழுதியிருப்பதாகப் போட்டிருந்தார்கள். நாயகத்தார் சீனி நிறுத்துக்கொண்டே அதை வாசித்தார். தராசுத் தட்டு நிறைந்து சீனி மேசையில் வழிந்ததை வாங்க வந்தவர்தான் சொல்லவேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மனைவி கண்ணகையிடம் கண்ணை விரித்துக்கொண்டு சொன்னார்.

"ஆயிரம் புத்தகம், கண்ணகை! ஒரே ஆள்!"

கண்ணகை சோற்றில் குழம்பை ஊற்றினாள். "அந்த மனிசனுக்குப் பொண்டாட்டி புள்ள ஒண்டும் இல்லையாமா?"

உலகத்தை வெல்ல முடியாது என்பது நாயகத்தாருக்கும் விளங்கியது. அந்த அந்நிய நாட்டுக்காரனுக்கு ஊரடங்கு இல்லை, கடதாசித் தட்டுப்பாடு இல்லை, சங்கக்கடை இல்லை. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்தில், வெருகல் ஆறு தொடக்கம் கல்லாறு வரைக்கும் எடுத்தால், அதிகமான புத்தகம் எழுதிய ஆள் தானாக இருக்கலாமே! அன்றிலிருந்து கடை திறக்குமுன் காலையில் இரண்டு மணிநேரம் எழுதினார். கையில் அகப்பட்டதெல்லாம் புத்தகமாகியது. கோயில் வரலாறு, மாணவர் கட்டுரைகள், விடுகதைகள், ஊர்ச் சண்டையொன்றை ராசா காலத்துக்குக் கொண்டுபோய் எழுதிய நாடகம், காதல் கவிதை. தென்னை வளர்ப்பைப் பற்றிப் பாதி எழுதி அலுத்துப்போய், ஒரு காதல் கதையைப் பாதி எழுதி அலுத்துப்போய், இரண்டையும் ஒட்டித் 'தென்னை வளர்ப்பும் தேனிலவும்' என்று வெளியிட்டார். பெரும்பாலானவை நிமிர்த்தி வைத்தால் நிற்காத புத்தகங்கள். அதனால் என்ன, எண்ணிக்கையில் ஒன்று ஒன்றுதானே.

விழாக்களில் ஒரு முறை உண்டு. முதற் பிரதியை ஊரில் பெரிய ஆள் ஒருவர் மேடையில் பெற்றுக்கொள்ளவேண்டும். அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அவர் பணம் வைத்த கடித உறையொன்றை நூலாசிரியரின் கையில் வைப்பார். நாயகத்தாரின் முதற் பிரதிகளுக்கென்றே பிறந்தவர் கந்தப்போடியார். வாவிக்கு அக்கரையில் அம்பிளாந்துறைப் பக்கம் வட்டை என்கிற பெரிய வயல்வெளி ஒன்றில் அவருக்கு நிலம் இருந்தது. வெள்ளை வேட்டியும் சால்வையுமாக ஓடத்தில் வந்து இறங்கி, முன்வரிசையில் உட்கார்ந்து, நயவுரை முடியும்வரை நன்றாகத் தூங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சரியாக விழித்துக்கொண்டு மேடைக்கு ஏறுவார். சரிகைக் கடதாசி சுற்றி நாடா கட்டிய பிரதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். இருபத்தைந்து வருடமாக இது தவறவில்லை.

ஒரேயொரு முறை தவறியது. இரண்டாயிரமாம் ஆண்டு, 'தென்னை வளர்ப்பும் தேனிலவும்' வெளியீட்டன்று, அக்கரையில் ஏதோ பிரச்சினை என்று ஓடம் விடவில்லை. அன்றைக்கு முதற் பிரதி சாமித்தம்பி என்ற மீன்காரனின் கைக்குப் போயிற்று. அவன் அம்பிளாந்துறையில் பிறந்து, செட்டிபாளையத்தில் புஸ்பம் என்ற பெண்ணை முடித்து, முறைப்படி பெண்ணின் ஊருக்கே வந்து குடியிருந்தவன். வாவியில் வலை போடுவான். காலையில் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருவான். விழா மண்டபத்து வாசலில் எட்டிப் பார்த்தவனை இழுத்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவனுக்கோ பெருமை தாங்கவில்லை. நாயகத்தார் 'வாவியின் வேந்தன் சாமித்தம்பி அவர்களுக்கு' என்று முதற் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பெண் எடுத்த ஊரில் தனக்கு எவ்வளவு மரியாதை என்று காட்ட அந்தப் புத்தகத்தையும் பொன்னாடையையும் பிறந்த ஊருக்குக் கொண்டுபோய், அக்காவின் வீட்டுச் சாமியறையில் வைத்துவிட்டு வந்தான்.

நாயகத்தாரின் புத்தகங்களில் இன்னுமொரு விசேஷம் இருந்தது. அதை அவர் விசேஷமாகக் கருதியதில்லை. மட்டக்களப்பு அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அடிப்பார்கள். நாயகத்தாரின் கவிதைகள் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. கடைசியில் எப்போதும் மூன்று நான்கு பக்கம் வெறுமையாகத் தொங்கும். கடதாசி தங்கம் விற்ற விலையில் விற்ற காலம். வெறும் பக்கத்தை விட்டால் பாவம் என்று அச்சகத்து வாங்கிலிலேயே உட்கார்ந்து, அச்சுக்கோக்கிறவர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்த, போன விழாவுக்கு வந்தவர்களுக்கு நன்றி என்று ஏதாவது எழுதி நிரப்பிக் கொடுப்பார். திருத்துவதில்லை, திரும்ப வாசிப்பதுமில்லை. கவிதைக்கு மூன்று மாதம், நன்றிக்கு அரை மணித்தியாலம்.

இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் அறுபத்திரண்டு புத்தகம் முடிந்து அறுபத்து மூன்றாவதுக்கு ஆயத்தம். அதற்கு ஒரு பண்டிதரிடம் வாழ்த்துரை கேட்கக் கண்ணகையையும் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலேயே சித்தாண்டிக்குப் போனார். முருகனையும் கும்பிடலாம் என்று சொல்லித்தான் அவளைக் கிளப்பமுடிந்தது. அவர்கள் கோயிலில் நிற்கும்போது கடல் ஊருக்குள் வந்தது.

அந்த நாட்களைப் பற்றி விளையாட்டாக எழுத எனக்கு வராது. திரும்பி வந்தபோது அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. அயலில் எத்தனையோ வீடுகளில் அழுவதற்குக்கூட ஆள் மிஞ்சவில்லை. சாமித்தம்பி அன்று வலைநூல் வாங்கக் கடற்கரைப் பக்கம் போனவன். அவனை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். ஆறு வருடம் காத்திருந்து அப்போதுதான் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்த புஸ்பம், வாவிக்கரைப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பினாள். நாயகத்தாரின் புத்தகக் கட்டுகள் எல்லாம் போயின. சில கிழமைக்குப் பிறகு தாழம்புதர் ஒன்றில் அவருடைய காதல் கவிதையின் ஒரு தாள் காய்ந்து ஒட்டியிருந்தது. கண்ணகையும் அதைக் கண்டாள். அவள் கிண்டல் செய்யாமல் விட்டதுதான் நாயகத்தாருக்கு மிகவும் பயமாக இருந்தது.

பிறகு பள்ளிக்கூடத்தில் அகதி வாழ்க்கை, கூடாரம், கடைசியில் சுனாமி வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறை. சங்கக்கடை வேலையிலிருந்து இளைப்பாறினார். அக்கரையில் மீண்டும் சண்டை மூண்டு சனம் இக்கரைக்கு ஓடிவந்து, மறுகாலும் திரும்பிப் போயிற்று. நாயகத்தார் பேனாவைத் தொடவில்லை. யாராவது கேட்டால், "எழுதி என்னத்துக்கு?" என்பார். ஆசை செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது செத்ததல்ல, சும்மா படுத்திருந்ததுதான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. முடிந்த விதத்தை நினைத்து ஊர் வாய்விட்டுப் பேசாமல் இருந்த அந்த மாதங்களில், மட்டக்களப்பில் வாவிக்கரை இலக்கிய வட்டம் என்று ஒன்றைத் தொடங்கி ஓர் அறிவித்தல் போட்டார்கள். மாவட்டத்தில் அதிக நூல் படைத்த எழுத்தாளருக்கு 'நூற்செல்வர்' என்ற பட்டமும் பொன்னாடையும். ஒரு நிபந்தனை மட்டும்: ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை வட்டத்தின் புதிய நூலகத்துக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடவேண்டும். எத்தனை கொடுக்கிறாரோ அத்தனைதான் கணக்கு.

பத்திரிகையை நாயகத்தார் இரண்டுதரம் மடித்தார், இரண்டுதரம் விரித்தார். கண்ணகை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பற்றிக் மாஸ்டர் எத்தின எழுதியிரிக்காராம்?" என்று அவளே கேட்டாள்.

பற்றிக் மாஸ்டர் பட்டணத்தில் இளைப்பாறிய ஆசிரியர். புனிதர் வரலாறும் பரீட்சை வழிகாட்டியும் எழுதித் தள்ளுகிறவர். நாயகத்தாரின் வாழ்க்கையில் எதிரி என்று சொல்ல இருந்த ஒரே ஆள். சந்தித்தால் இருவரும் குசலம் விசாரிப்பதுபோல எண்ணிக்கையை விசாரிப்பார்கள்.

"அறுபத்தொண்டு," என்றார் நாயகத்தார், வீட்டு இலக்கத்தைச் சொல்வதுபோல.

அடுத்த நாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடத்தில் அக்கரைக்குப் போனார். கந்தப்போடியாரின் வீட்டுக்கு ஓடும் இல்லை, கதவும் இல்லை. போடியார் சாக்குக் கட்டிலில் உட்கார்ந்தபடி தகரக் கூரைக்குக் கீழே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"என்ட புத்தகமெல்லாம்…" என்று நாயகத்தார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாங்க இடம்பெயர்ந்து போன நேரம் வீட்டில ஒண்டும் விடல்ல, நாயகம். கதவக் கழட்டிட்டானுகள். ஓட்டக் கழட்டிட்டானுகள். கிணத்து வாளியையும் விடல்ல. உங்கட புத்தகத்த மட்டும் வைச்சிட்டுப் போயிட்டானுகள். நெல்லு அறைக்குள்ள அப்பிடியே கிடக்கு."

நாயகத்தாரின் கண் கலங்கிவிட்டது. "எழுத்துக்குக் கள்ளனும் மரியாத குடுத்திரிக்கான், போடியார்."

போடியார் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "ஓம், ஓம்," என்றார்.

அறுபத்தொரு புத்தகம். எல்லாம் சரிகைக் கடதாசியோடு, நாடா அவிழ்க்காமல், அன்று மேடையில் கொடுத்தபடியே இருந்தன. இருபத்தைந்து வருடத்தில் போடியார் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை என்பது நாயகத்தாருக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் தைத்தது. அதனால்தானே பழுதாகாமல் இருக்கிறது என்று உடனே மனதைத் தேற்றிக்கொண்டார். ஓடக்காரனுக்கும், ஓடத்தில் வந்த எல்லோருக்கும் சாக்குகளை அவிழ்த்துக் காட்டியபடியே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கண்ணகை நாடாக்களை அவிழ்க்க, அவர் எண்ணினார். பற்றிக் மாஸ்டருக்கும் அறுபத்தொன்று, அவருக்கும் அறுபத்தொன்று. ஒன்று குறைந்தது.

"அது போடியார் வராத விழாத்தானே," என்றாள் கண்ணகை. "சாமித்தம்பி வாங்கின புத்தகம்."

புஸ்பம் அதே வீட்டுத்திட்டத்தின் கடைசி வரிசையில் இருந்தாள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தாள். சாமித்தம்பியின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்த அவனுடைய அக்கா, அம்பிளாந்துறையிலிருந்த புத்தகத்தையும் பொன்னாடையையும் கொண்டுவந்து அவளிடம் கொடுத்திருந்தாள். நாயகத்தார் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்னே அவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். மங்கிப்போன பொன்னாடைக்குள் புத்தகம் பத்திரமாக இருந்தது.

"ஐயாட புத்தகம், ஐயாட பேருக்கு வேணுமெண்டா நான் என்னெண்டு வைச்சிரிக்கிற?" என்றாள். பொன்னாடையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.

நாலரை வயது மகள் நிருஷா கதவோரம் நின்றாள். அவள் தகப்பனைக் காணாமல் பிறந்தவள். அடையாள அட்டைப் படமொன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தது. அதிலிருக்கும் முகத்தைப் பார்த்தால் பொலிஸ்காரனுக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். அவனைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே புஸ்பம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்; அதனால் பிள்ளையிடம் ஒன்றும் சொன்னதில்லை.

"அப்பாட புத்தகத்த எங்க கொண்டு போறீங்க?" என்று பிள்ளை கேட்டது.

"பட்டணத்துக்கு மக. பெரிய நூலகத்தில, கண்ணாடி அலுமாரிக்குள்ள வைப்பாங்க."

"எப்ப திருப்பித் தருவீங்க?"

நாயகத்தார் சைக்கிளுக்குக் காற்றுப் போதாது என்று ஏதோ சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டில் கண்ணகை புத்தகத்தையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "அவளுக்கிட்ட அந்த மனிசன்ட சாமான் எண்டு இரிந்ததே இதுதான்."

"நூலகத்தில இரிந்தா ஆயிரம் பேர் எடுத்துப் பாப்பாங்க கண்ணகை."

"உங்கட புத்தகத்தையா?"

விழா நாள்வரை அறுபத்தொரு புத்தகம் இரண்டு சாக்கில் கட்டிக் கிடக்க, அந்த ஒன்று மட்டும் அலுமாரிக்கு மேலே தனியாக இருந்தது. நாயகத்தார் அதைச் சாக்குக்குள் போட மூன்று நான்கு தரம் எடுத்தார். ஒவ்வொரு தரமும் ஏதோ வேலை ஞாபகம் வந்து திரும்பவும் மேலேயே வைத்தார்.

விழா பட்டணத்து மண்டபமொன்றில், மாரி மழை விட்ட ஒரு காலையில் நடந்தது. மேடைக்கு முன்னால் இரண்டு நீள மேசை. ஒன்றில் பற்றிக் மாஸ்டரின் புத்தகங்கள் ஏற்கெனவே வரிசையாக அடுக்கியிருந்தன. மற்றதில் நாயகத்தார் தன்னுடையவற்றைக் கண்ணகையோடு சேர்ந்து அடுக்கினார். அலுமாரிக்கு மேலே இருந்ததையும் கடைசி நேரத்தில் கையோடு கொண்டுவந்திருந்தார். வட்டத்தின் செயலாளர் உதயரூபன் என்ற இளைஞன். சபைக்கு முன்னாலேயே ஒவ்வொரு புத்தகமாக எடுத்து எண்ணி, முதற் பக்கத்தில் நூலகத்தின் பெரிய வட்ட முத்திரையைக் குத்திக்கொண்டு வந்தான். ஒவ்வொரு குத்துக்கும் மேசை அதிர்ந்தது. பற்றிக் மாஸ்டருக்கு அறுபத்தொன்றில் நின்றது. நாயகத்தாருக்கு அறுபது முடிந்து, கடைசியாக இரண்டு புத்தகம் மிஞ்சியிருந்தது. உதயரூபன் மேலே இருந்ததை விரித்தான். 'வாவியின் வேந்தன் சாமித்தம்பி அவர்களுக்கு' என்ற எழுத்துக்கு மேலே, வேறு இடம் இல்லாததால், முத்திரையை நேராக ஓங்கினான்.

"பொறுங்க தம்பி!"

தன்னுடைய குரல்தான் என்று நாயகத்தாருக்கு ஒரு கணம் தெரியவில்லை. முத்திரை அந்தரத்தில் நின்றது.

"அது என்ட புத்தகம் இல்ல."

"உங்கட பேர்தானே ஐயா போட்டிரிக்கு?"

"எழுதினது நான். புத்தகம் வேற ஆள்ட." அவர் அதை மெல்ல இழுத்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சபையில் சலசலப்பு. கண்ணகை தலையைக் குனிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

உதயரூபன் கெட்டிக்காரப் பிள்ளை. மிஞ்சிய ஒன்றையும் சேர்த்தால் நாயகத்தாருக்கும் அறுபத்தொன்றுதான் என்று உடனே கணக்குப் பார்த்தான். "அப்ப ரெண்டு பேரும் சமன்! பட்டத்த ரெண்டு பேருக்கும் குடுப்பம்." சபை கைதட்டியது. பொன்னாடை ஒன்றுதானே வாங்கியிருக்கிறோம் என்று பொருளாளர் பின்னால் நின்று கவலைப்பட்டார்.

பற்றிக் மாஸ்டருக்குச் சந்தோசம். எதிரியானாலும் பெருந்தன்மையானவர். எழுந்து வந்து, முத்திரைக்காகக் காத்திருந்த கடைசிப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். 'மாமியார் மெச்சிய மருந்துகள்.' 'தென்னை வளர்ப்பும் தேனிலவும்' வந்த மறு வருடம் வந்தது. நண்பருக்கு மரியாதையாக ஒரு பகுதியைச் சபைக்கு வாசித்துக் காட்டலாம் என்று விரித்தார். மருந்துக் குறிப்பு ஒன்றை வாசிக்கத் தொடங்கி, சபையில் கொட்டாவிகளைக் கண்டு, பின்பக்கமாகத் தட்டிக்கொண்டே போய், கடைசிப் பக்கங்களில் நின்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"போன வெளியீட்டு விழாவுக்குக் கந்தப்போடியார் வரவில்லை, ஓடம் இல்லை. பொன்னாடை மேசையில் சும்மா கிடந்தது. வாசலில் மீன்பெட்டியோடு நின்ற சாமித்தம்பியைப் பிடித்து வாருங்கள் என்றோம். 'மேலுக்குச் சேட்டுப் போடல்லையே ஐயா' என்றார். அதற்குத்தானே பொன்னாடை என்றோம். மேடைக்கு வந்தவர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்; பள்ளிக்கூடத்தில் பூனை நிற்கிறதாம். பிரதியை வாங்கி இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணை மூடி நிறை பார்த்து, 'அரைக் கிலோ வராது' என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். சபை சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். பல் மட்டும் நின்று சிரிக்கும். உறை கொண்டுவரவில்லையே என்று யோசித்தவர் பெட்டிக்குள் கைவிட்டு, இருந்ததில் பெரிய கொடுவா மீனைத் தூக்கி என் கையில் தந்தார். அது வாலை அடித்து என் வேட்டியெல்லாம் தண்ணீர். 'இது ரெண்டு கிலோ வரும் ஐயா. மிச்சத்துக்கு அடுத்த புத்தகத்தத் தாங்க' என்றார். அன்னாருக்கு எமது நன்றி உரித்தாகுக."

மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் எழுந்து பறந்தன. முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருப்பி வாசிங்க மாஸ்டர், அந்தப் பூனை இடத்த," என்றார். பற்றிக் மாஸ்டர் நாயகத்தாரின் பக்கம் திரும்பினார்.

"நாயகம், கோவிக்காதீங்க. உங்கட புத்தகத்தில நான் வாசிச்ச நல்ல பக்கம் இதுதான்."

நாயகத்தாருக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. மிச்சத்துக்கு அடுத்த புத்தகம். அந்தக் கொடுவாவைக் கண்ணகை இரண்டு நாள் வைத்துக் கறியாக்கினாள், பொரித்தாள். அடுத்த புத்தகம் வந்தது. விழா வந்தது, கந்தப்போடியார் வந்தார், முதற் பிரதி வழமைபோல அவருடைய கக்கத்துக்குப் போனது. சாமித்தம்பி வாசலில் மீன்பெட்டியோடு நின்றானா என்றுகூட அவர் அன்றைக்குப் பார்க்கவில்லை. அவனுக்கு அடுத்த புத்தகம் கொடுக்கவேயில்லை. அதை நினைத்தபோது அவருக்கு அத்தனை பேருக்கு முன்னால் அழுகை வந்தது.

அவர் கையை நீட்டினார். "அதையும் தாங்க மாஸ்டர்."

"ஐயா!" உதயரூபன் முத்திரையோடு ஓடிவந்தான். "அத எடுத்தா உங்களுக்கு அறுபதுதான். ஒண்டு குறையும். பட்டம் போயிரும்!"

"ஓம் தம்பி, தெரியும்."

"அதுவும் உங்கட புத்தகம் இல்லையா?"

"இல்ல. இது வித்த புத்தகம். குடுக்காம வைச்சிருந்திட்டன்."

பொருளாளருக்குத்தான் பெரிய நிம்மதி. பொன்னாடை பற்றிக் மாஸ்டரின் தோளில் ஏறியது. நாயகத்தார் முன்வரிசையில் இருந்து கைதட்டினார். உண்மையாகவே தட்டினார், ஆனால் அறுபத்தொன்று என்று ஒலிவாங்கியில் சொன்னபோது மட்டும் கை கொஞ்சம் பிந்திவிட்டது. முப்பது வருட ஆசை, ஒரு காலையில் முழுதாகப் போய்விடுமா?

பஸ்ஸில் வரும்போது கண்ணகை இரண்டு புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். குருக்கள்மடம் தாண்டியதும், "அந்த மீன் ரெண்டு கிலோவுக்கு மேல இரிந்த," என்றாள். அவள் மறுபடியும் கிண்டலுக்குத் திரும்பிவிட்டாள் என்று நாயகத்தாருக்கு ஆறுதலாக இருந்தது.

புஸ்பத்தின் வீட்டில் இடியப்பத் தட்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நாயகத்தார் முதலில் 'தென்னை வளர்ப்பும் தேனிலவும்' புத்தகத்தைக் கொடுத்தார். அவள் ஒன்றும் விளங்காமல் வாங்கினாள். பிறகு மற்றதை நீட்டினார்.

"இது என்ன ஐயா?"

"சாமித்தம்பிக்குக் குடுக்க இரிந்தது, புள்ள. மீனுக்கு மிச்சம்."

புஸ்பம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கவேண்டும். பொன்னாடையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணகை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

நிருஷா நாயகத்தாரின் முழங்காலுக்கு அருகே வந்து நின்றாள். "இதிலயும் அப்பாட பேர் இரிக்கா?"

"பேர் மட்டும் இல்ல மக. அப்பாவே இரிக்கார்."

படியில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை விரித்து வாசித்தார். பூனை வந்ததும் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. அரைக் கிலோ வராது என்றதும் சத்தமாகச் சிரித்தது. சிரித்தபோது அதன் கண் இரண்டும் காணாமல் போயின. நாயகத்தார் அதைக் கண்டு அடுத்த வரியில் தடுமாறி, செருமி, மீனின் வாலை விட்டுவிட்டு, மறுபடி வாலுக்குப் போய், ஒருவாறு 'நன்றி உரித்தாகுக' வரைக்கும் வந்து சேர்ந்தார். உள்ளே புஸ்பம் பொன்னாடையிலிருந்து முகத்தை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தை மூடப் போனபோது, சின்னக் கையொன்று பக்கத்தின் மேல் விழுந்தது.

"இன்னொருக்கா வாசிங்க."

அறுபத்திரண்டு புத்தகம் எழுதிய மனிதரிடம் அவருடைய புத்தகத்துக்காக யாரும் சொல்லாத சொல் அது. நாயகத்தார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "போன வெளியீட்டு விழாவுக்குக் கந்தப்போடியார் வரவில்லை," என்று முதலிலிருந்து தொடங்கினார்.